பங்கிலாபத்தை நம்பி அம்மாவின் மருந்துக் காசை வைக்காதே

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

நீ வைபரில் அனுப்பிய குரல் பதிவை அம்மாவும் நானும் இரண்டு தடவை கேட்டோம். மருந்தும் நலவாழ்வுப் பொருட்களும் விற்கும் அமெரிக்கக் கம்பனி ஒன்றின் பங்குகளை வாங்கி, கம்பனி தன் இலாபத்திலிருந்து பங்குதாரருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் பங்கிலாபத்தை அப்படியே அம்மாவின் மருந்துச் செலவுக்கு அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தாய். அந்தக் கம்பனி பல பத்தாண்டுகளாக ஒரு காலாண்டும் தவறாமல் கொடுத்து வருகிறது என்பதே உன் துணிவுக்குக் காரணம். தொலைபேசியில் பதில் சொன்னால் நீ இடையில் மறித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

வங்கியில் நிலையான வைப்பு வைத்தால் வட்டி தரவேண்டியது வங்கியின் கடமை. பங்கிலாபம் அப்படியானதல்ல. ஒவ்வொரு முறையும் பணிப்பாளர் சபை கூடி அறிவித்தால்தான் அது உண்டு; அறிவிக்காவிட்டால் ஏன் என்று வழக்குப் போட உனக்கு வழியில்லை. எங்கள் நாட்டில்கூட, பங்கிலாபம் கொடுத்த பின்னரும் கம்பனியால் தன் கடன்களை உரிய வேளையில் கட்ட முடியும் என்பது உறுதியானால்தான் கொடுக்கலாம் என்று 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கடன் கொடுத்தவருக்குப் பிறகுதான் பங்குதாரர்.

வோல்கிறீன்ஸ் என்ற அமெரிக்க மருந்துக்கடைக் கம்பனியை எடுத்துக்கொள். 1933 முதல் இடைவிடாமல் பங்கிலாபம் கொடுத்து வந்த நிறுவனம் அது. அதில் 47 ஆண்டுகள் தொடர்ச்சியாகத் தொகையைக் கூட்டியும் வந்தது. 2024 ஜனவரியில் ஒரு பங்குக்குக் காலாண்டுக்கு 48 சதமாக இருந்ததை 25 சதமாக வெட்டியது. 2025 ஜனவரியில் முற்றாக நிறுத்தியது. அதற்கு முந்திய மாதங்களில் பங்கின் விலை 10 டொலருக்குக் கீழே கிடந்தது, ஆண்டுப் பங்கிலாபமோ 1 டொலர். ஆகவே பத்து வீதத்துக்கு மேல் வருமானம் தரும் நல்ல கம்பனி என்று கணக்கில் தெரிந்தது. விலை விழுந்ததனால் ஏறிய வீதம் அது. நீ சொன்ன கம்பனியும் ஒன்பது வீதம் தருகிறது என்றாய். அந்த வீதம் கொடுப்பனவு கூடியதால் வந்ததா, விலை இறங்கியதால் வந்ததா என்று பார்த்தாயா?

2024 ஓகஸ்டில் முடிந்த நிதியாண்டில் வோல்கிறீன்ஸின் கையில், தொழிலால் வந்த காசில் கட்டடம், கருவி போன்றவற்றுக்குப் போட்ட மூலதனச் செலவு போக மிஞ்சியது 25 மில்லியன் டொலர்கூட இல்லை. அதே ஆண்டில் பங்குதாரருக்குக் கொடுத்தது ஒரு பில்லியனுக்கு மேல். மிச்சம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதை வாசித்தபோது, நான் முன்பு கணக்கு எழுதிய ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பொதுச்சபைக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு இலாபநட்டக் கணக்கில் நல்ல இலாபம் தெரிந்தது. ஆனால் விற்ற நெல்லுக்குரிய காசு வந்து சேராததால் காசேட்டில் மீதி என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நான் காசேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி தலைவரைப் பார்த்தேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "போன வருசமும் தந்தியள், அதுக்கு முதல் வருசமும் தந்தியள், இந்த வருசம் மட்டும் என்ன?" என்று கேட்டார், சபை முழுவதும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. வங்கி மேலதிகப்பற்றில், அதாவது கணக்கில் இல்லாத காசைக் கடனாக எடுத்து, பங்கிலாபம் கொடுத்தோம். அடுத்த காலபோக நெல் விதைப்புக்கு உரம் எடுக்கச் சங்கத்தில் காசில்லை. அன்று கைதட்டியவர்களே கடைக்காரனிடம் வட்டிக்கு வாங்கி வயலுக்குப் போட்டார்கள். நானும் அந்தத் தீர்மானத்தில் கையெழுத்திட்டவன்தான்.

கடந்தகாலக் கொடுப்பனவைவிடக் கொள்கையைப் படிப்பதே பயன் என்பதற்கு இன்னொரு கம்பனியைச் சொல்கிறேன். எங்கள் மேசை இலாச்சியில் எப்போதும் கிடக்கும், தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் போடும் பனடோல், முன்பு ஜி.எஸ்.கே. என்ற பிரித்தானியக் கம்பனியின் சரக்கு. அந்தக் கம்பனி 2014 முதல் 2021 வரை ஒவ்வோர் ஆண்டும் பங்குக்கு 80 பென்ஸ் கொடுத்தது. 2022 இல் பனடோல் போன்ற நுகர்வோர் பொருட்களை ஹேலியன் என்று தனிக் கம்பனியாகப் பிரித்துவிட்டு, உழைத்த இலாபத்தில் 40 முதல் 60 வீதம் வரை கொடுப்பது என்ற கொள்கைக்கு மாறியது. 2023 க்குரிய பங்கிலாபம் 58 பென்ஸ். எட்டு ஆண்டு வரலாற்றை மட்டும் பார்த்து 80 ஐ எதிர்பார்த்திருந்தவருக்கு ஏமாற்றம். மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்ததை வாசித்தவருக்கு அது வெறும் செய்தி.

எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஜோன்சன் அன்ட் ஜோன்சன் 2025 இல் காலாண்டுத் தொகையை 1.24 டொலரிலிருந்து 1.30 டொலராகக் கூட்டியது. தொடர்ச்சியாக 63 ஆவது ஆண்டு. ஆனால் 2024 இல் அதன் கையில் மிஞ்சிய காசு கிட்டத்தட்ட 20 பில்லியன் டொலர். பங்கிலாபமாகப் போனது 12 பில்லியனுக்குச் சற்றுக் குறைவு. 63 என்ற எண்ணைவிட இந்த இரண்டு எண்களையே நான் நம்புவேன். இத்தகைய கம்பனிகளில் வீதம் குறைவாகத்தான் இருக்கும்.

வரியையும் மறந்துவிடாதே. கனடாவில் உனக்குள்ள வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் வைத்தாலும் அமெரிக்கப் பங்கிலாபத்தில் 15 வீதத்தை அமெரிக்கா கழித்துக்கொள்ளும். அது திரும்பி வராது. ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் என்றால் கழிக்காது, ஆனால் அதிலிருந்து எடுத்து எங்களுக்கு அனுப்ப வெளிக்கிட்டால் உன் வருமானத்தோடு சேர்த்து வரி வரும். மருமகனோடு இருந்து கணக்குப் பார்.

அம்மாவுக்குப் பெரும்பாலான மருந்து ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கிடைக்கிறது. கிடைக்காத இரண்டு மட்டும் வெளியில் வாங்குகிறோம். அதற்கு என் ஓய்வூதியம் போதும். நீ பங்கு வாங்குவதானால் உனக்காக வாங்கு. அம்மாவின் குளிசையை அந்தக் கணக்கில் சேர்க்காதே. வாங்குமுன் அந்தக் கம்பனியின் கடைசி மூன்று ஆண்டறிக்கைகளிலும் காசு எங்கிருந்து வந்து எங்கே போனது என்று காட்டும் காசுப்பாய்ச்சல் கூற்று உள்ள பக்கங்களைப் படமெடுத்து வைபரில் அனுப்பு. எழுத்துச் சிறிதாக இருந்தால் பெரிதாக்கி அனுப்பு. கண்ணாடி மாற்ற இன்னும் போகவில்லை.

அன்புடன்,
அப்பா