கிடந்தாரா, கிடத்தினார்களா

அன்பு மகளுக்கு,

வார்டில் ஆங்கிலத்தில் நோயாளிக் குறிப்பு எழுதும்போது லை (lie), லே (lay) இரண்டும் குழப்புகிறது என்று கேட்டிருந்தாய். பள்ளியில் படித்த தன்வினை பிறவினையை நினைவுபடுத்திக்கொள், போதும். லை என்றால் கிட, படு. லே என்றால் கிடத்து, வை. 'யாரை? எதை?' என்று கேட்டுப் பார். பதில் இருந்தால் லே. கோழி முட்டையை இடுகிறது, கொத்தனார் செங்கல்லை வைக்கிறார்: இரண்டும் லேதான்.

வம்பு இறந்தகாலத்தில் இருக்கிறது. லைக்கு இறந்தகாலமே லே! அவர் நேற்றுக் கட்டிலில் படுத்திருந்தார் என்றால் 'ஹி லே ஆன் த பெட்'. முன்னால் ஹேவ், ஹேட் வந்தால் லெய்ன். கிடத்துவதற்கோ இரண்டு இடத்திலும் லெய்ட். எழுத்து எல்-ஏ-ஐ-டி, ஒய் வராது. போதாக்குறைக்குப் பொய் சொல்வதும் லை. அதன் இறந்தகாலம் லைட். 'ஹி லைட் டவுன்' என்று எழுதிவிடாதே அம்மா.

விழுந்து கிடந்த நோயாளிக்கு 'ஃபவுண்ட் லையிங் ஆன் த ஃப்ளோர்' என்று எழுது, எல்-ஒய்-ஐ-என்-ஜி. 'லேயிங்' என்றால் பிழை, ஆனாலும் புரிந்துகொள்வார்கள். 'வாஸ் லெய்ட் ஆன் த ஃப்ளோர்' அப்படியல்ல. யாரோ அவரைத் தரையில் கிடத்தியதாக ஆகிவிடும். விசாரணை வந்தால் அந்த யாரோ யார் என்று உன்னைத்தான் கேட்பார்கள். சந்தேகம் வந்தால், விழுந்த முதியவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடப்பதை இங்கிலாந்தில் 'லாங் லை' என்கிறீர்களே, அதை நினைத்துக்கொள். கிடப்பது, ஆகவே லை.

கூட வேலை பார்க்கும் ஆங்கிலேயப் பெண்களே நோயாளியிடம் 'லே டவுன், லவ்' என்பார்கள். பேச்சில் அது சகஜம், திருத்தப் போகாதே. 'லே டவுன்', 'லெய்ட் டவுன்' இரண்டையும் வேகமாகச் சொன்னால் காதுக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படியே எழுத்திலும் தவறு ஏறிவிடுகிறது.

நாம் கிட, கிடத்து என்று பின்னால் 'த்து' சேர்க்கிறோம். அவர்கள் உள்ளே உயிரொலியை மாற்றுகிறார்கள். ஃபால் விழு, ஃபெல் மரத்தை வீழ்த்து. இதிலும் அதே கண்ணிதான்: விழுந்தது என்பதும் ஃபெல்.

ரைஸ், ரெய்ஸ் என்று அடுத்துக் கேட்பாய். கட்டிலின் தலைமாட்டை நீ உயர்த்தினால் ரெய்ஸ். காய்ச்சல் தானாக ஏறினால் ரைஸ். ஏறியது என்றால் ரோஸ்.

அப்பா