எங்கள் மகளைக் குழந்தை என்று சொன்னவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். கடந்த ஆவணி மாதத்தில், 34 வாரம் நிறைந்திருந்த நிலையில், எங்கள் முதல் மகள் வயிற்றிலேயே இறந்து பிறந்தாள். அப்போது எவருக்கும் வாய்திறந்து நன்றி சொல்லும் நிலையில் நான் இல்லை என்பதால், ஓராண்டு நெருங்கும் இவ்வேளையில் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, அன்று இரவுப் பணியில் இருந்த செவிலியருக்கு. துடிப்பு இல்லை என்று ஸ்கேன் அறையில் சொல்லப்பட்டபோது வளைகாப்பு வளையல்கள் என் கைகளில்தான் இருந்தன. அவை ஒலிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் கூசியது. கழற்றிவிடட்டுமா என்று கேட்டு, சோப்பு நுரை தடவி, ஒன்றுகூட உடையாமல் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து என் தலைமாட்டில் வைத்தவர் அவர். பிள்ளை பிறந்ததும், பெற்றவள் முகத்தைப் பார்த்தால் மறக்க முடியாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்தபோது, "அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்று குறுக்கே நின்றவரும் அவரே. அவரால்தான் என் மகள் முக்கால் மணி நேரம் என் மடியில் இருந்தாள். அவளுக்கு அவள் அப்பாவின் நெற்றி. ஸ்டாம்ப் பேடில் பாதங்களை ஒற்றி வெள்ளைத்தாளில் பதித்துக் கொடுத்தார்; இடது சுண்டுவிரல் மட்டும் சரியாகப் பதியவில்லை.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. குழந்தை இல்லாவிட்டாலும் நஞ்சுக்கொடி வெளியேறியபின் உடல் பால் சுரக்கத் தொடங்கும் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய தாளிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நன்றி மடலில் குறை சொல்லக்கூடாதுதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா, நெருக்கமாகத் தொடுத்த மல்லிகைச் சரத்துடன் வந்து, பால் வற்றுவதற்காக மார்பில் வைத்துக் கட்டிவிட்டார். பாட்டிமார் அறிந்திருந்த அந்த வைத்தியம் 1988-இல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றிலும் ஆராயப்பட்டிருப்பதைப் பின்னர் அறிந்தேன். பாலை வற்றவைக்க மனமில்லாதவர்கள் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கலாம் என்பதும் பின்னர் தெரிந்ததுதான். கட்டி முடித்துவிட்டு, அக்கா சுவரோரம் உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு போச்சு, தாயி. இருந்தா இப்ப முப்பது வயசு" என்றார். அன்றைக்குத்தான் நான் சத்தம்போட்டு அழுதேன்.

பச்சிளங்குழந்தைக்குக் கருமாதி இல்லை; புதைத்துவிட்டுத் திரும்பினால் சடங்கும் முடிந்தது. விசாரிக்க வந்தவர்களெல்லாம் என் கணவரிடம் "அவளைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிச் சென்றார்களேயொழிய, அவரைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா ஒருவர் மட்டும் பதினாறு நாளும் மாலையில் வந்து, பேச்சே இல்லாமல், அவருடன் டீக்கடை வரை நடந்து திரும்பினார். சித்தப்பா, அந்த நடைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அலுவலகத் தோழிக்கும் நன்றி. கருச்சிதைவுக்குரிய ஆறு வார விடுப்புதான் தர முடியும் என்று நிர்வாகம் எழுதியபோது, 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 'குழந்தை' என்ற சொல்லுக்குள் இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும் என்ற பிரிவை அச்செடுத்துக் காட்டி, 26 வார விடுப்பையும் வாதாடிப் பெற்றுத் தந்தவர் அவர். அந்த வரியைப் பலமுறை படித்திருக்கிறேன். வறண்ட சட்ட மொழிதான். ஆயினும் என் மகளைக் குழந்தை என்று நான் எழுத்தில் கண்டது அங்கேதான்.

சோறு கொடுத்தனுப்பியவர்கள், தொட்டிலை நான் வீடு திரும்புமுன் எடுத்துவைக்காமல் என்னைக் கேட்டு எடுத்துவைத்த அண்ணி, எல்லோருக்கும் நன்றி. "இன்னொன்று பிறக்கும்" என்று சொன்னவர்களும் அன்பினால்தான் சொன்னார்கள் என்பது தெரியும். அச்சொல்லுக்கு நன்றி சொல்ல இன்னும் மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அது வீட்டோடு இருக்கட்டும் என்பதால் இங்கே எழுதவில்லை. அதைத் தெரிந்த வெளியாள் பூக்கார அக்கா மட்டுமே. போன வாரம் வழக்கமான முழத்தைக் கொடுத்துவிட்டு, "பாப்பாவுக்கு ஒரு வயசு ஆகப்போகுதுல்ல" என்று அவள் பெயரைச் சொல்லி இன்னொரு முழம் அளந்து வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

நன்றியுடன்,
ஒரு தாய்,
மதுரை.