நாய் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. புதுக் கண்ணாடி பழகும்வரை எழுத்தெல்லாம் நெளிந்தது; அது பாதிக் காரணம். மீதிப் பாதி உன் மகள். போன தடவை என் கையில் திணித்துவிட்டுப் போனாளே, பேட்ரிக் நெஸ் எழுதிய ‘த நைஃப் ஆஃப் நெவர் லெட்டிங் கோ’, அதைச் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்தானே என்று அலட்சியமாகத்தான் எடுத்தேன். இரண்டு ராத்திரி தூக்கம் போச்சுடி. 2008-லேயே வந்த புத்தகமாம், நமக்குத்தான் தெரியவில்லை.

நீ படிக்கப்போவதால் ஆரம்பத்தை மட்டும் சொல்கிறேன். மனிதர்கள் குடியேறிய வேறொரு கிரகம். அங்கே ஆண்கள் மனசில் நினைப்பதெல்லாம் எல்லோர் காதிலும் விழும். மிருகங்கள் நினைப்பதும் விழும். அதற்குப் பெயரே ‘இரைச்சல்’. கதையின் நாயகன் டாட் என்கிற பையன். அவன் இருக்கும் ஊரில் ஒரு பெண்கூடக் கிடையாது, ஏதோ கிருமியில் எல்லோரும் செத்துப்போனார்கள் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஊரின் கடைசிச் சிறுவன் அவன்தான். 13 வயது நிறைந்தால் ஆண்மகன் என்பது ஊர்க் கட்டு, அதற்கு ஒரு மாதம் பாக்கி. (அங்கே வருஷத்துக்கு 13 மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நம் கணக்கில் பயலுக்கு 14 ஆகிவிட்டது!)

ஒரு நாள் சதுப்புநிலத்தில் நடக்கும்போது இரைச்சலுக்கு நடுவே ஓட்டை விழுந்தமாதிரி ஓரிடத்தில் நிசப்தம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அங்கேதான். சத்தம் கேட்டுத் திடுக்கிடுவது நாம் பழகிய திகில். இந்த மனுஷர் சத்தத்தை நிறுத்தித் திடுக்கிட வைக்கிறார். அந்த நிசப்தம் ஒரு பெண்பிள்ளை. பெயர் வயோலா. அவள் மனசு யாருக்கும் கேட்காது. இதை எழுதியவர் ஓர் ஆண் என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

எல்லோர் நினைப்பும் வெளியே கேட்கிற ஊரில் மர்மம் எப்படித் தங்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேச வழியே இல்லையே! ஆனால் அந்த ஊரில் பொய் சந்தைக்கூட்டத்தில் நிற்கிற திருடன் மாதிரி. மறைந்துகொள்ள வேண்டியதில்லை, கூட்டமே மறைத்துவிடும். ஒருவன் ஆசைப்பட்டது, பயந்தது, கற்பனை செய்தது எல்லாம் ஒன்றாகக் கொட்டும்போது எது நடந்தது என்று எப்படிப் பிரிப்பாய்? டாடை வளர்த்தவர்கள் ஒரு பையைக் கொடுத்து ஓடு என்கிறார்கள், ஏன் என்று மட்டும் சொல்வதில்லை. சொன்னால் அவன் மனசே ஊருக்குத் தண்டோரா போட்டுவிடும். இப்படி ஒரு காரணம் இருப்பதால் அந்த ரகசியத்தை நான் முழுசாக மன்னித்தேன்.

மன்னிக்காதது ஒன்று உண்டு. யாராவது உண்மையைச் சொல்ல வாயெடுத்தால் போதும், துரத்துகிறவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஒரு தடவை சரி, இரண்டு தடவை சரி. அதற்குமேல் “அட, ஓடிக்கொண்டேயாவது சொல்லித் தொலையேன்” என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பையில் டாடின் அம்மா எழுதிய நாட்குறிப்பு வேறு இருக்கிறது. இவனுக்குச் சரியாகப் படிக்க வராது, அதைக் கூடவே ஓடிவரும் வயோலாவிடம் சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தை மட்டும் எழுத்தாளர் அவ்வளவு நுணுக்கமாகப் பிடித்திருக்கிறார், ஓட்டத்தை நிறுத்தி அங்கேயே உட்காரலாம்போல இருந்தது.

பேசும் நாய் ஒன்று வருகிறது, மான்சீ. ஞானமெல்லாம் பேசாது. பசி, அணில், வெளிக்கிப் போகணும், இவ்வளவுதான் அதன் பேச்சு. உனக்குத் தாங்காது என்பதால் சொல்கிறேன், அது பிழைக்காது. அந்தப் பக்கம் வந்ததும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “அழுவீங்க பெரியம்மா” என்றாளே உன் மகள், எங்கே என்று சொல்லியிருக்கக் கூடாதா?

தலைப்பில் வரும் கத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். டாட் கையில் அது இருப்பதும், எப்போது ஓங்குகிறான், எப்போது முடியாமல் நிற்கிறான் என்பதும் நீயே படிக்கவேண்டியது. ஓர் இடத்தில் அவன் செய்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எழுத்தாளரும் அதைப் பூசி மெழுகவில்லை.

முடிவென்று ஒன்று இல்லை. ஓடி ஓடி இரண்டு பேரும் வேறொரு ஊர் போய்ச் சேர்கிறார்கள், அங்கே ஒரு ஆள் நிற்கிறான், புத்தகம் தீர்ந்துவிட்டது! மூன்று பாகமாம். இரண்டாம் பாகம் உன் மகளிடம் இருந்தால் இந்த வாரமே அனுப்பச் சொல். அந்த ஊரில் என்ன ஆச்சு என்று மட்டும் அவள் வாயைத் திறக்கவேண்டாம்.

உன் முழங்கால் வலி இப்போது எப்படி?

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி