அந்த ஆப்பிள் மரத்தடில நடக்கறது வேலைங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

செகண்டரி ரெண்டு படிக்கற எங்க பொண்ணுக்கு ஆர்ட் வொர்க்‌ஷீட்ல ஒரு படம் வந்துச்சு, பிரெஞ்சு ஓவியர் கமீல் பிஸ்ஸாரோ 1888ல வரைஞ்ச ஆப்பிள் அறுவடை, ஒரிஜினல் அமெரிக்காவுல டாலஸ் மியூசியத்துல இருக்கு. படத்தோட உணர்வு என்னன்னு கேள்வி. விடைத்தாள்ல போட்டிருந்தது கிராமத்து அமைதி, இயற்கையோட இணைஞ்ச வாழ்க்கை, அவ்ளோதான்.

எனக்கு அது ஒப்பல. ஒரு ஆளு நீளக் கம்பால கிளைய அடிக்கிறாரு, கீழ பொம்பளைங்க குனிஞ்சு பொறுக்குறாங்க. ஊர்ல வளந்தவங்க யாருகிட்ட காட்டினாலும் இது என்ன வேலைன்னு சொல்லிடுவாங்க. மாங்காய யாரும் இப்படி அடிக்க மாட்டாங்க, தொரட்டில வலை கட்டி பூப்போல இறக்குவாங்க, அடிபட்ட காய் சீக்கிரம் அழுகிடும்ல. அடிச்சு உலுக்கறது புளிக்குத்தான், ஆம்பள மரத்து மேல, பொம்பளைங்க கீழ, பொழுதுக்கும் குனிஞ்சபடி. அதனால இந்த ஆப்பிளும் கடைல அடுக்கி விக்கறதுக்கு இல்ல, சைடர்ங்கற ஆப்பிள் மதுவுக்குப் பிழியறதுக்குன்னுதான் நான் நினைக்கிறேன். பிஸ்ஸாரோ குடியிருந்த எராஞி, பிரான்ஸ்ல நார்மண்டிங்கற வட்டாரத்து ஓரமா இருக்கற ஊரு, நார்மண்டி சைடருக்குப் பேர் போனது, அந்தப் பழத்த கம்பால தட்டி விழ வைக்கறது அங்க பழைய வழக்கம். இதுல அமைதி யாருக்கு, இடுப்பு வலி யாருக்கு?

படம் அழகு இல்லேன்னு சொல்ல வரல. மரத்து நிழல்ல கறுப்பே இல்லாம நீலமும் ஊதாவுமா புள்ளி புள்ளியா வச்சிருக்காரு, 1885ல ஓவியர் ஜார்ஜ் சூராவ சந்திச்சதுக்கு அப்புறம் பிடிச்ச முறை அது (ரொம்ப நேரம் இழுக்குதுன்னு பின்னாடி அவரே விட்டுட்டாரு). ஆனா மனுஷன் வெறும் அழகு பாக்கறவர் இல்ல, அரசாங்கம், அதிகாரம் எதுவும் வேணாம்னு சொல்ற அனார்க்கிஸ்டுங்க பக்கம் சாஞ்சவரு, இந்தப் படத்துக்கு அடுத்த வருஷமே முதலாளிங்க கொழுக்கறதையும் ஏழைங்க சாகறதையும் ஒரு ஆல்பம் முழுக்க வரைஞ்சு லண்டன்ல இருந்த சொந்தக்காரப் பொண்ணுங்களுக்கு அனுப்பினாரு. அப்படிப்பட்டவரு இந்த மரத்தடில யார வரையலன்னு பாருங்க. கங்காணி இல்ல! மலாயா ரப்பர் எஸ்டேட்ல பால் மரம் வெட்டின குடும்பத்துல வந்தவங்களுக்கு அதோட அர்த்தம் விளக்க வேண்டியதில்ல. அந்தப் படத்துல அமைதி இருக்குன்னா அங்கதான் இருக்கு, வேலை கஷ்டம்தான், ஆனா தலைக்கு மேல நின்னு அதட்ட ஆளில்ல. விடைத்தாள் எழுதினவங்க அத பாக்கவே இல்ல.

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்ம சிங்கப்பூர் நேஷனல் கேலரி சேகரிப்புல லாய் ஃபூங் மோய் 1965ல வரைஞ்ச சம்சூய் பொண்ணு படம் இருக்கு, சீனாவுல இருந்து வந்து, சாப்பாட்டு நேரத்துல கொஞ்சம் ஓய்வா இருக்கற கட்டுமானத் தொழிலாளி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, இதுல என்ன வேலை நடக்குது, கூலி யாரு குடுப்பா, படத்துல யாரு இல்லன்னு பிள்ளைங்கள கேளுங்க. விடைத்தாள் அப்புறம் குடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, யீஷூன்