மலருக்கு, பரணில் இருந்து இறங்கிய பெட்டி பற்றி

அன்புள்ள மலருக்கு,

வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரணைக் காலி செய்தோம். உன் மங்கா பெட்டியும், அதான் அந்த ஜப்பான் படக்கதைப் பெட்டியும், இறங்கியது. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா என்று அம்மா கேட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றைப் பிரித்தால், முதல் பக்கத்திலேயே கதை முடிந்து கிடந்தது. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டுமாம், உன் தம்பி சொல்லித் தந்தான். மூன்று வாரத்தில் ஸ்லாம் டங்க் 31 பாகத்தையும் முடித்துவிட்டேன். பதினான்காம் பாகத்தில் இருக்கும் காப்பிக் கறை என்னுடையது. மன்னித்துக்கொள்.

முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக விசில் ஊதியவனுக்குக் கூடைப்பந்துக் கதை பிடிக்காமல் போகுமா? ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தவன் கதாநாயகன் சகுராகி இல்லை. அவன் நல்ல பையன்தான், எதிராளியைத் தலையால் முட்டுகிறான், சிரிக்க வைக்கிறான். என் தூக்கத்தைக் கெடுத்தவன் மிட்சுயி.

சின்ன வகுப்பில் மாவட்டத்திலேயே சிறந்த ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கியவன். இறுதி ஆட்டத்தில் 12 விநாடி மிச்சம் இருக்கும்போது மனசு விட்டுப்போகிறது. வெளியே போன பந்தை எடுத்துக் கொடுத்து, விட்டுவிடாதே என்கிறார் ஒரு பெரியவர். அவர்தான் அன்சாய். அவருக்காகவே அவர் பயிற்சி தரும் ஷோஹோகு பள்ளியில் போய்ச் சேருகிறான். முதல் வருஷமே முழங்கால் போகிறது. ஆறுவதற்குள் மைதானத்துக்கு ஓடிவந்து மறுபடி கெடுத்துக்கொள்கிறான். அந்த மாதிரிப் பையன்களை எனக்குத் தெரியும், மலர். டாக்டர் ஆறு வாரம் என்றால் மூன்றாவது வாரமே ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். பிறகு ஒருநாள் வருவது நின்றுவிடும். தெருமுனையில் கண்ணில் படுவார்கள், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

மிட்சுயியும் அப்படியே போனவன்தான். இரண்டு வருஷம் கழித்து நீள முடியோடு, அடியாள் கூட்டத்தோடு அதே ஜிம்மை நாசமாக்க வருகிறான். எல்லாரையும் அடித்து, எல்லாரிடமும் அடி வாங்கி, கடைசியில் கதவைத் திறந்து அன்சாய் உள்ளே வந்ததும் முட்டி போட்டு அழுகிறான். கூடைப்பந்து ஆடணும் சார் என்கிறான். அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அம்மா என்னவென்று கேட்டாள், பெயிண்ட் நெடி என்றேன்.

கடைசி ஆறு பாகம் முழுக்கச் சன்னோ என்ற பள்ளி அணியோடு ஒரே ஆட்டம். மறுபடி அணியில் சேர்ந்த மிட்சுயிக்கு அதில் கையைத் தூக்கவே தெம்பில்லை. வீணாக்கிய இரண்டு வருஷத்துக்கு உடம்பு கணக்குக் கேட்கிறது. கூட ஆடும் அகாகி மறிப்பான், மியாகி பந்து தருவான், தவறினால் ரீபவுண்டுக்குச் சகுராகி இருக்கிறான் என்று நம்பி மூன்று பாயிண்ட் தூரத்தில் இருந்து வீசிக்கொண்டே இருக்கிறான். அந்த நேரத்தில் கதை யாருடையது, சொல்லு?

இதைப் போனில் உன்னிடம் புலம்பியபோது நீ சொன்ன ரிகிஷி கதையைத் தம்பியிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. அஷிதா நோ ஜோ என்று 1968இல் தொடங்கிய குத்துச்சண்டை மங்கா. கதாநாயகன் ஜோ சின்ன உடம்புக்காரன். அவனுடைய எதிராளி ரிகிஷியை முதலில் வரையும்போது ஓவியர் சிபா தெத்சுயா ஜோவைவிடப் பெரிய ஆளாகப் போட்டுவிட்டார். இருவரும் மோத வேண்டும் என்று வந்தபோது எடைப்பிரிவு இடித்தது. அதற்காக ரிகிஷி பட்டினி கிடந்து, தண்ணீரும் குடிக்காமல் உடம்பை வற்ற வைத்து ஜோவின் பேண்டம் எடைப்பிரிவுக்கு இறங்குகிறான். ஜோவை ஜெயிக்கிறான். ஜெயித்த கையோடு செத்தும் போகிறான். எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் பையன்கள் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் திரிவதைப் பார்த்தவன் நான். பென்சில் கொஞ்சம் பெரிதாக இழுத்ததில் ஒருவன் உயிர் போனது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. ஜப்பான்காரர்களுக்கும் அப்படித்தான் போல. 1970 மார்ச்சில் அந்தக் காகித மனிதனுக்குப் பத்திரிகை அலுவலகத்திலேயே நிஜமாக இறுதிச் சடங்கு நடத்தினார்கள். சுமார் 700 பேர் வந்தார்களாம்.

டிராகன் பால் கதையில் வரும் வெஜீட்டாவைப் பற்றி நீ சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. திமிர் பிடித்தவன். அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

சொல்ல வந்தது மியாகி பற்றி. ஷோஹோகு அணியின் ஐந்து பேரில் அவன்தான் குள்ளம், 168 சென்டிமீட்டர். மற்ற நான்கு பேரும் 180க்கு மேல். பந்தை நடத்திக் கொண்டுபோகிறவன் அவன்தான், ஆனால் புத்தகத்தில் அவன் வீடு வாசல் பற்றிப் பெரிதாக எதுவும் கிடையாது. கதை 1996இல் முடிந்தது. 2022இல் அதை வரைந்த இனோவே தகேஹிகோ தானே இயக்கிய படத்தில் மியாகியை நடுவில் நிறுத்தினார். ஓகினாவாக்காரன், அப்பா இல்லை, அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தம்பி அதைப் போட்டுக் காட்டினான்.

படம் முடிந்த பிறகு உன் நினைப்புதான். உன்னை முதல் ஐவரில் ஏன் இறக்கவில்லை என்று நீ பத்தாவதில் கேட்டாய். உயரம் போதாது என்றேன். அது பொய், மலர். வாத்தியார் மகள் என்பதால்தான் ஆடுகிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று பயந்தேன். உன்னைவிட நன்றாகப் பந்து நடத்தும் பெண் அந்த அணியில் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். நீ இரண்டு வருஷம் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாய், ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சரி. பெட்டி இனி பரணுக்குப் போகாது. அம்மா எல்லாவற்றையும் துடைத்து உன் அலமாரியில் அடுக்கிவிட்டாள். இப்போது நருட்டோ படிக்கிறேன். மொத்தம் 72 பாகமாம், நம் வீட்டில் 40 வரைதான் இருக்கிறது. சசுகே ஊருக்குத் திரும்புகிறானா இல்லையா என்று கேட்டால் உன் தம்பி சிரிக்கிறான், சொல்ல மாட்டேன் என்கிறான். நீயும் சொல்லாதே. பொங்கலுக்கு வரும்போது மீதியை எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா