பிரஷர் குளிசையும் உங்கள் ஒரு வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு ஆரோக்கியப் பக்கத்தில் மறதி நோய் பற்றிய கட்டுரையை வாசித்தேன். "மறதி வந்துவிட்ட முதியவர்களின் இரத்த அழுத்தத்தைப் பற்றி வீட்டார் அலட்டிக்கொள்வதில் பயனில்லை" என்று அதில் ஒரு வரி. அன்று மத்தியானமே எங்கள் தொடர்மாடியின் மேல்தளத்தில் இருக்கும் அன்ரி பேப்பரும் கையுமாக இறங்கி வந்தார். அவருடைய கணவருக்கும் இதே நோய்தான். "இனி இவருக்குப் பிரஷர் குளிசை தேவையில்லையாம், பார்த்தீரா பிள்ளை?" என்றார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைக் கண்டுதான் எனக்குப் பதற்றம் வந்தது.

உயர் இரத்த அழுத்தம் மூளையின் உட்பகுதியிலுள்ள மயிரிழைக் குழாய்களைத் தடிக்கச் செய்து, அவை ஊட்டும் இடங்களைப் பட்டினி போடுகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. மறதி நோய் என்று பெயர் வைத்த அன்றே அந்தச் சேதம் நின்றுவிடுவதில்லை. வெளியே தெரியாத ஒரு சிறு பாரிசவாதம் போதும், நேற்றுவரை தானே சட்டைப் பொத்தான் பூட்டியவரால் இன்று பூட்ட முடியாது.

நில்வாடிபின் என்ற பிரஷர் மருந்தை ஐரோப்பாவின் 9 நாடுகளில் மறதி நோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் வந்த 511 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒன்றரை வருடம் கொடுத்தும் மறதியின் வேகம் குறையவில்லை. அதை மனதில் வைத்துத்தான் கட்டுரையாளர் எழுதினாரோ தெரியாது. ஆனால் அதே ஆய்வில் ஒரு சிறு பிரிவினரின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, அழுத்தம் குறைந்தும் மூளைக்குப் போகும் இரத்தம் குறையவில்லை. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதிக்கு ஏறத்தாழ 20 வீதம் கூடியிருந்தது. இதையும் எழுதியிருக்க வேண்டாமா? மருந்து மறதியை மாற்றாது என்பது வேறு, பிரஷரைக் கவனிக்க வேண்டாம் என்பது வேறு.

நான் புத்தகம் பார்த்துப் பேசுபவள் அல்ல. என் அம்மாவைப் பார்த்துக்கொள்பவள். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அவருடைய பிரஷர் ஏறியே இருந்தது. குளிசையின் அளவும் ஏறிக்கொண்டே போனது. பிறகு ஒருநாள் தலையணை உறையைக் கழற்றினால், உள்ளே துணியின் மடிப்பில் பாதி கரைந்து ஒட்டிக்கொண்ட குளிசைகள். வாயில் வைத்து, தண்ணீரும் குடித்து, நாங்கள் திரும்பியதும் துப்பி ஒளித்திருக்கிறார். அன்றிலிருந்து விழுங்கும்வரை பக்கத்தில் நின்றோம். கூட்டி எழுதிய அளவு முழுதாக உள்ளே போனது. கட்டிலால் எழும்பியவர் தள்ளாடிக் குளியலறை வாசலில் விழுந்தார். பகல் முழுவதும் அரைத்தூக்கம், யாரைக் கண்டாலும் மலங்க மலங்க ஒரு பார்வை. "அறளை பெயர்ந்துவிட்டது, வயதல்லவா" என்று வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். வேறொரு வைத்தியர் எழுந்து நிற்கவைத்து அழுத்தம் பார்த்தார். மேல் எண் சட்டென்று 30 இறங்கியது. மருந்தின் அளவைக் குறைத்தபின் என் பெயரைச் சொல்லி மீண்டும் கூப்பிடத் தொடங்கினார். மறதி போகவில்லை. ஆனால் அம்மா எங்களுக்குத் திரும்பக் கிடைத்தார். இதற்குப் பயனில்லை என்றா பெயர்?

கிளினிக்குகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. படியேறி மூச்சு வாங்க வந்தவரை ஐந்து நிமிடம் இருத்திவைக்க இடமில்லை. கம்பளிச் சட்டையின் கைக்கு மேலேயே பட்டியைச் சுற்றுகிறார்கள். நிற்கவைத்துப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை. கொடுக்கும் மருந்து உறையில் சிங்களத்திலோ, ஆங்கிலச் சுருக்கெழுத்திலோ எதையோ கிறுக்கியிருக்கிறது. தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டு பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதிவைத்த நாட்டில், மறதி நோயாளியைப் பார்க்கும் எழுபது வயது மனைவி காலைக் குளிசை எது, இரவுக் குளிசை எது என்று பாமசிக்காரரிடம் மன்றாட வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி முன்பும் உங்களுக்கு எழுதினேன். பிரசுரிக்க இடமில்லாமல் போயிருக்கலாம். இராசிபலனுக்கு அரைப்பக்கம் கிடைப்பதையும், ஞாபகசக்தி லேகிய விளம்பரம் ஆரோக்கியப் பக்கத்திலேயே வருவதையும் பார்க்கும்போது, நீண்ட காலமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும் குடும்பம் என்ற முறையில் மனம் நோகிறது.

செப்டெம்பர் 21 உலக அல்சைமர் தினம் வந்தால் மட்டும் படம் போட்டு எழுதுகிறீர்கள். நடுவயதில் பிரஷரைக் கட்டுப்படுத்துவது மறதி நோயின் ஆபத்தைக் குறைக்கும் என்று லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இலும் சொல்லியிருக்கிறது. பெற்றோரைக் கிளினிக்குக்குக் கூட்டிவரும் நாற்பது, ஐம்பது வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் தங்கள் கையை நீட்டிப் பார்க்கிறார்கள்? இதை அவர்களுக்கு வேறு யார் தமிழில் சொல்வது?

நான் கேட்பது சிறிய விஷயம். அந்த வரிக்கு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே ஒரு சிறு பெட்டிச் செய்தி: வைத்தியரைக் கேட்காமல் பிரஷர் குளிசையை நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது, ஐந்து நிமிடம் அமர்ந்திருந்தபின் ஒருமுறையும், எழுந்து நின்று ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் அழுத்தம் பார்க்கும்படி கேளுங்கள், குளிசை விழுங்கப்பட்டதா என்று பார்த்து, அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். வயதானவர்கள் வாசிக்கும்படி பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06