22-ஆம் எண்ணுக்கு ஓய்வு தகும். காரணம் மட்டும் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் அணிந்து ஆடிய 22-ஆம் எண்ணை இனி எந்த வீராங்கனைக்கும் வழங்குவதில்லை என்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் முடிவு செய்து, 2025 பிப்ரவரி 2 அன்று அவருடைய ஜெர்சியைக் கார்வர்-ஹாக்கை அரங்கின் உச்சியில் ஏற்றியது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். நான்கு ஆண்டுகள் ஆடியும் ஒரு தேசியப் பட்டம்கூட வெல்லாதவருக்கு இவ்வளவு பெரிய மரியாதை எதற்கு என்று கட்டுரையாளர் கேட்கிறார். வாசகர்களோ 3,951 புள்ளிகள் என்ற கணக்கை மட்டும் எடுத்துக்காட்டி, இதற்குமேல் என்ன வேண்டும் என்கிறார்கள். அந்த மரியாதை கிளார்க்குக்குத் தகும் என்பதே என் கருத்தும். ஆயினும் புள்ளிக் கணக்கை மட்டும் நம்பி வாதாடினால் அந்த வாதம் நிற்காது என்பதால் இதை எழுதுகிறேன்.

கல்லூரிப் பருவத்தில் கிளார்க் முறியடித்ததாகச் சொல்லப்படும் சாதனைகளைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 2024 மார்ச் 3 அன்று அவர் கடந்த, 1960-களின் இறுதியில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆண்கள் அணியில் ஆடத் தொடங்கிய பீட் மாரவிச்சின் 3,667 புள்ளிகள் வெறும் மூன்று பருவங்களில், 83 ஆட்டங்களில் எடுக்கப்பட்டவை. அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட முடியாது. தொலைவிலிருந்து போடும் கூடைக்கு இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடும் கிடையாது. கிளார்க் ஆடியவை 139 ஆட்டங்கள், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் போட்ட கூடைகள் 548. மாரவிச்சைத் தாண்டுவதற்குச் சில நாள்கள் முன்பு அவர் தாண்டிய இன்னொருவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் லினெட் உட்வர்டு. 1970-களின் இறுதியில் ஆடத் தொடங்கிய உட்வர்டு, மூன்று புள்ளிக் கோடு இல்லாமலேயே, ஆண்கள் ஆடும் பெரிய பந்தைக் கொண்டே 3,649 புள்ளிகள் எடுத்தவர். பெண்கள் ஆட்டத்தை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அப்போது நடத்தவில்லை என்ற ஒரே காரணத்தால் அவர் பெயர் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெறவில்லை. பெரும்பாலும் சிறிய கல்லூரியான பிரான்சிஸ் மரியனில் ஆடி மொத்தம் 4,061 புள்ளிகள் எடுத்த பேர்ல் மூரை இன்றுவரை எந்தக் கல்லூரி வீராங்கனையும் தாண்டவில்லை. இவற்றையெல்லாம் அருகருகே வைத்தால் கிளார்க்கின் ஆட்டத்திறன் குறைந்துவிடாது. ஆனால், புள்ளிதான் அளவுகோல் என்றால் ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்த அளவுகோலே மாறிக்கொண்டிருக்கிறது என்பது விளங்கும்.

பட்டம் வெல்லாதது பற்றிய வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. மாரவிச் தம் கல்லூரிக் காலத்தில் என்.சி.ஏ.ஏ. தொடரில் ஒருமுறைகூட ஆடியதில்லை. இன்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அரங்குக்கே அவர் பெயர். கிளார்க்கோ அயோவாவை 2023, 2024 என அடுத்தடுத்து இரண்டு தேசிய இறுதி ஆட்டங்களுக்கு அழைத்துச் சென்றவர். அதற்கு முன் அயோவா பெண்கள் அணி கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்தது 1993-இல்.

அப்படியானால் எதைக்கொண்டு அளப்பது? அதற்கான விடை அயோவா அரங்கின் கூரையிலேயே தொங்குகிறது என்பேன். அங்கே ஆண்கள் அணியின் 40-ஆம் எண்ணும் இருக்கிறது. அதை அணிந்த கிறிஸ் ஸ்ட்ரீட், 1993 ஜனவரி 19 அன்று, மூன்றாம் ஆண்டு மாணவராக இருக்கும்போதே சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் பெரிய பட்டமோ மலைக்கவைக்கும் மொத்தப் புள்ளியோ இல்லை. இறப்பதற்கு மூன்று நாள் முன்பு டியூக் அணிக்கு எதிராக ஆடிய கடைசி ஆட்டம் வரையில், எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றிக் கூடை போடக் கிடைக்கும் வாய்ப்பான ஃப்ரீ த்ரோவில், தொடர்ந்து 34-ஐத் தவறவிடாமல் போட்டிருந்தார் என்பது மட்டும் அயோவாவின் சாதனையாக நின்றது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2018 பிப்ரவரியில், ஜோர்டன் போஹானன் என்ற வீரரும் தொடர்ந்து 34 ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு அந்தச் சாதனையைச் சமன் செய்தார். நார்த்வெஸ்டர்ன் அணிக்கு எதிரான ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் 35-ஆவது வாய்ப்பு வந்தபோது, பந்தை வேண்டுமென்றே குறைத்து எறிந்து அதைத் தவறவிட்டார். ஸ்ட்ரீட் இறந்தபோது போஹானன் பிறந்திருக்கவே இல்லை. தான் கண்ணால் பார்த்திராத ஒருவருக்காக ஓர் இளைஞர் தன் பெயர் பதிய வேண்டிய இடத்தை விட்டுக்கொடுக்கிறார் என்றால், அந்த 40 அந்த ஊரில் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்க வேண்டும்! எந்தப் புள்ளிவிவரப் பட்டியலும் இதைச் சொல்லாது. எண்ணை நிறுத்திவைப்பதற்கு நான் ஏற்கும் ஒரே தகுதி இதுதான்: அந்த எண்ணைச் சொன்னால் அந்த ஊருக்கு ஒருவர் மட்டுமே நினைவுக்கு வர வேண்டும்.

இந்த அளவுகோலில் 22 தேறுகிறதா என்றால், தாராளமாகத் தேறுகிறது. அயோவா மாநிலத்தில் பெண்கள் கூடைப்பந்து நேற்று முளைத்த ஒன்றன்று. பக்கத்துக்கு ஆறு பேராக, மூவர் கூடை போடவும் மூவர் தடுக்கவும் என்று பிரிந்து, அரைக்களத்தைத் தாண்டாமல், பந்தை இரண்டு முறைக்குமேல் தட்டாமல் ஆடும் பழைய முறை அங்கே பள்ளி மாணவியரிடையே 1993 வரை நீடித்தது. இன்று அயோவாவின் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் ஜேன் ஜென்சன் அந்த முறையில் பள்ளி இறுதியாண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 66 புள்ளிகள் எடுத்தவர். 1985 பிப்ரவரியில், விவியன் ஸ்ட்ரிங்கர் பயிற்சியாளராக இருந்த காலத்தில், ஒஹாயோ மாநில அணியுடனான ஆட்டத்துக்கு 22,157 பேர் திரண்டு, அரங்கின் கொள்ளளவையும் மீறி நின்று பார்த்தார்கள். ஆக, அந்த மண்ணில் ரசிகர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். இடையில் பல ஆண்டுகள் அடங்கிக்கிடந்த அந்த ஆர்வத்தை வெஸ்ட் டெமாய்ன் நகரில் வளர்ந்த பெண்ணொருத்தி மீண்டும் கிளறிவிட்டாள் என்பதே நடந்தது. வெளிமாநிலப் பெரிய பல்கலைக்கழகங்கள் அழைத்தும் சொந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுத்த கிளார்க், 2020-21-இல் கொரோனா கட்டுப்பாட்டால் வெறிச்சோடிய இருக்கைகளுக்கு முன்னால் ஆடத் தொடங்கினார். 2023 அக்டோபரில் கின்னிக் கால்பந்து மைதானத்தில் திறந்தவெளியில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 55,646 பேர். 2024 இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர். அதே ஆண்டு ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இதைவிடக் குறைவு. அந்த இறுதி ஆட்டத்தில் அயோவா தென் கரோலினாவிடம் 75-87 என்று தோற்றது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கட்டுரையாளர் எழுப்பாத ஒரு மறுப்பு உண்டு. எனக்கு அதுவே வலுவானதாகப் படுகிறது. கிளார்க்குக்கு முன்பு அதே 22-ஐ அணிந்தவர் கேத்லீன் டாயில். 2020-இல், அயோவா ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான பிக் டென் பிரிவின் ஆண்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானவர் அவர். அந்த ஆண்டே யாராவது உற்சாக மிகுதியில் டாயிலின் எண்ணுக்கு ஓய்வு கொடுத்திருந்தால், ஜனவரி 22-ஆம் தேதி பிறந்தவர் என்பதால் அந்த எண்ணை விரும்பிய கிளார்க்குக்கு அது கிடைத்திருக்காது. எண்ணை நிறுத்துவது என்பது இனி வரப்போகிற ஒரு பெண்ணிடமிருந்து எடுத்துக்கொள்வதும்தான். அதிலும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் எண்கள் தாராளமாக இருந்ததில்லை. தவறு செய்த ஆட்டக்காரரின் எண்ணை நடுவர் விரல்களால் காட்டுவார் என்பதால், ஐந்துக்கு மேற்பட்ட இலக்கம் எதுவும் ஜெர்சியில் இடம்பெறக் கூடாது என்று நீண்ட காலம் விதி இருந்தது. ஒரு கையில் இரண்டு விரல், மறு கையில் இரண்டு விரல் என்றால் 22. இந்த விதிப்படி 0, 00 உட்பட மொத்தமே 37 எண்கள்தாம் தேறும். 2023-24-இல் விதி தளர்ந்து 99 வரை அனுமதிக்கப்பட்ட பிறகே இந்த நெருக்கடி குறைந்தது. (டெண்டுல்கரின் 10-ஐயும் தோனியின் 7-ஐயும் நிறுத்திவைப்பதில் நம் கிரிக்கெட் வாரியத்துக்கு இப்படிப்பட்ட தட்டுப்பாடு ஏதும் இல்லை.)

இந்தச் சிக்கலுக்குச் சில பல்கலைக்கழகங்கள் நல்ல வழி கண்டிருக்கின்றன. கன்சாஸ் ஜெர்சியைத் தொங்கவிடும், எண்ணை நிறுத்தாது. வட கரோலினாவில் ஜெர்சிக்கு மட்டும் மரியாதை பெறுவோர் பலர். எண்ணே ஓய்வு பெறும் நிலையை எட்டியவர்கள் மைக்கேல் ஜோர்டன் போன்ற சிலர் மட்டுமே. இந்த இரண்டு அடுக்கு முறையே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. டாயிலைப் போன்ற சிறந்த வீராங்கனைகளின் ஜெர்சியைக் கூரையில் ஏற்றலாம், எண் அடுத்தவருக்குப் போகட்டும். பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஒருவருக்கு மட்டும் எண்ணையே நிறுத்தலாம். அயோவா பெண்கள் அணியில் கிளார்க்குக்கு முன் எண் ஓய்வு பெற்றவர்கள் மிஷெல் எட்வர்ட்ஸ், மேகன் கஸ்டாஃப்சன் ஆகிய இருவரே என்பதால், அந்தப் பல்கலைக்கழகம் இதில் கைதாராளம் காட்டிவிட்டதாகச் சொல்ல முடியாது.

அவசரம் என்ற ஒரு குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்கிறேன். கடைசிக் கல்லூரி ஆட்டத்துக்கும் இந்த விழாவுக்கும் இடையில் பத்து மாதம்கூட இல்லை. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா லோபோ தம் 50-ஆம் எண் கூரையேறுவதைக் காண 2019 வரை, ஏறத்தாழ கால் நூற்றாண்டு காத்திருந்தார். கூடைப்பந்து மேதைகளைக் கௌரவிக்கும் நெய்ஸ்மித் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர்களுக்கே அந்த மரியாதை என்று அங்கே வைத்திருந்தார்கள். அத்தனை நீண்ட காத்திருப்பு வேண்டாம் என்றாலும், ஐந்து ஆண்டுகளாவது ஆறப்போட்டுச் செய்திருந்தால் விளம்பரத்துக்காகச் செய்தார்கள் என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. கஸ்டாஃப்சனுக்கும் ஓராண்டுக்குள் செய்தார்கள் என்று முன்னுதாரணம் காட்டலாம். அதுவும் அவசரம்தான் என்பேன். ஆனால் விழாவின் நாளைத் தள்ளிப்போட்டிருக்கலாம் என்பது வேறு, மரியாதையே கூடாது என்பது வேறு. கட்டுரை இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது.

கிளார்க்கைப் பற்றித் தங்கள் இதழ் நிறையவே எழுதிவிட்டது. அடுத்த விளையாட்டுச் சிறப்பிதழில் லினெட் உட்வர்டைப் பற்றியும் பேர்ல் மூரைப் பற்றியும் ஒரு பக்கமாவது ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோயம்புத்தூர்